ஹீரோ ஏன் பாதியில் நிற்கிறார்?

கம்ப்யூட்டர் கேம் விளையாடுகிற பையனை வீட்டில் திட்டுவார்கள். கேம் எழுதுகிற பையனைத் திட்டுவதா, மெச்சுவதா என்று தெரியாமல் விழிப்பார்கள். இந்த இரண்டாவது ரகம் இன்று எல்லா ஊரிலும் இருக்கிறது. பகலில் இன்வாய்ஸ், ஜி.எஸ்.டி., மேனேஜர் முறைப்பு. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஐயா தனி உலகத்தின் பிரம்மா!

ஒரு பேச்சுக்கு, புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் நீங்கள் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாசமாக ஒரு கேம் எழுதுகிறீர்கள். ஹீரோவுக்கு ஓட்டை சைக்கிள். ஷிஃப்ட் முடிந்து கிளம்பி, வழுதாவூர் சாலையில் லாரிகளுக்கு டிமிக்கி கொடுத்து, ராஜீவ் காந்தி சிலையைத் தாண்டி, கடற்கரை காந்தி சிலைக்குப் போய்ச் சேர்ந்தால் ஜெயம்.

எல்லாம் ஜோர். ஆனால் சில நாள், ராஜீவ் காந்தி சிலை பக்கத்தில் ஹீரோ அப்படியே நின்றுவிடுகிறார். ஒரு கால் பெடலில், ஒரு கால் அந்தரத்தில். எர்ரர் மெசேஜ் கிடையாது. ஒரு 'ஸாரி' கூடக் கிடையாது. நண்பனைக் கூப்பிட்டுக் காட்டினால் மட்டும் சமர்த்தாக ஓடுகிறார்.

உடனே வைத்தியர்கள் கூடிவிடுவார்கள்.

"மச்சி, ரேம் போயிடுச்சுடா!"

"வைரஸ் ஸார். ஃபார்மட் அடிச்சுடுங்க."

"ராத்திரி ஒரு மணி வரைக்கும் போட்டுத் தட்டினா அது நிக்காம வேற என்ன பண்ணும்?" - இது அம்மா.

கையில் போனஸ் பணம் இருந்தால் புது ரேம் வாங்கிவிடுவோம். மணக்குள விநாயகருக்கு ஒரு சிதறு தேங்காயும் உடைப்போம். தேங்காய் ஓகே. ரேமுக்கு மட்டும் கொஞ்சம் பொறுங்கள்!

நாடி பிடிக்க ஒரு விளக்கு

முதல் கேள்வி: நின்றது கேமா, மெஷினா?

கீபோர்டில் கேப்ஸ் லாக் பட்டனைத் தட்டுங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் மெஷினுக்கு உயிர் இருக்கிறது. மயக்கம் போட்டது கேம் மட்டும்தான். விளக்கும் அசையவில்லை, மவுஸ் அம்பும் நகரவில்லை என்றால் மெஷினே படுத்துவிட்டது என்று அர்த்தம். அப்போதுதான் சூடு, தூசி, ரேம், டிஸ்ப்ளே டிரைவர் எல்லாம் சந்தேக லிஸ்ட்டில் வரும். ஃபேனில் அடைந்திருக்கும் தூசியைத் துடையுங்கள். மெம்டெஸ்ட்86 என்கிற இலவச புரோகிராமை ராத்திரி முழுக்க ஓடவிட்டுத் தூங்குங்கள். காலையில் அது சிவப்புக் கொடி காட்டினால் ரேம் வாங்கப் போகலாம்.

கேம் மட்டும் நின்றிருக்கிறதா? கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, உங்கள் கேம் எவ்வளவு சி.பி.யு. சாப்பிடுகிறது என்று பாருங்கள். இங்கேதான் விஷயமே இருக்கிறது.

ஏறக்குறைய பூஜ்யம் என்றால் அது எதற்கோ காத்திருக்கிறது. ஆபீஸில் ஒருவரிடம் சீல் இருக்கிறது. இன்னொருவரிடம் இங்க் பேட். "நீ பேட் குடுத்தாத்தான் நான் சீல் தருவேன்." "நீ சீல் குடு, அப்புறம் பேட்." சாயந்திரம் வரை ஒரு காகிதத்திலும் முத்திரை விழாது! புரோகிராமின் இரண்டு பகுதிகள் இப்படி முறைத்துக்கொண்டு நிற்பதற்கு 'டெட்லாக்' என்று பெயர். இருவருமே முதலில் சீல், பிறகுதான் பேட் என்று ஒரே வரிசையில் எடுத்தால் சண்டையே வராது. மருந்தும் அதுதான்.

மாறாக, நாலு கோர் சிப்பில் 25 சதவீதம், எட்டு என்றால் 12, 13 சதவீதம் என்று ஆணி அடித்தாற்போல நின்றால், ஒரு கோர் முழுசாக எதையோ திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கிறது. செக்குமாடு கேஸ். வேலை நடக்கிறது, ஊர் போய்ச் சேரவில்லை.

கடைசி வரி சாட்சி

உங்கள் கேம் 25-ல் நிற்கிறது. செக்கு எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேமை டைரி எழுத வையுங்கள். 'சிக்னல் போட்டாச்சு', 'லாரி வைக்கப் போறேன்', 'லாரி வச்சாச்சு' என்று ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு ஃபைலில் ஒரு வரி. நின்றதும் கடைசி வரியைப் பார்த்தால் குற்றம் நடந்த இடம் தெரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: எழுதுகிற வரி உடனே டிஸ்க்குக்குப் போகாது, கொஞ்ச நேரம் மெமரியிலேயே உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு வரிக்குப் பின்னும் 'ஃப்ளஷ்' செய்யாவிட்டால் முக்கிய சாட்சி கோர்ட்டுக்கே வராது.

அடுத்து, விதை. கேமில் லாரிகள் தாறுமாறாக வருவதுபோலத் தோன்றினாலும் எல்லாம் 'சீட்' என்கிற ஒரு ஆரம்ப எண்ணிலிருந்து முளைப்பவைதான். அந்த எண்ணையும் டைரியில் எழுதி வைத்து, மறுபடி அதையே கொடுத்தால் அதே லாரிகள் அதே வரிசையில் வரும். பெரும்பாலும் ஹீரோவும் அதே இடத்தில் நிற்பார். வா என்றால் வருகிற பேய்க்கு யார் பயப்படுவார்கள்?

இப்போது கடைசி வரி சொல்கிறது: 'லாரி வைக்கப் போறேன்.' 'வச்சாச்சு' இல்லை. கோடைத் திறந்தால் குட்டு உடைகிறது. 'ரோட்டில் ஓர் இடத்தைக் குத்துமதிப்பாக எடு. காலியாக இல்லாவிட்டால் வேறு இடம் எடு. காலி இடம் கிடைக்கும்வரை விடாதே' என்று எழுதியிருக்கிறீர்கள். ரோடு காலியாக இருக்கும் வரை பிரச்னை இல்லை. சிலை பக்கத்தில் டிராஃபிக் நெரிந்து ஓர் இடம்கூடக் காலி இல்லாத அன்று, பாவம், விடிய விடியத் தேடுகிறது! 'ஐம்பது தடவை பார், கிடைக்காவிட்டால் விட்டுவிடு' என்று ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. செலவு பூஜ்யம்.

பெரிய இடத்து மயக்கங்கள்

"நமக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று குமைய வேண்டாம். பெரிய இடங்களிலும் நடந்திருக்கிறது.

1997 ஜூலை 4-ம் தேதி செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர், சில நாளில் தானாகவே ரீசெட் ஆக ஆரம்பித்தது. கடைக்காரரைக் கூப்பிட முடியாத தூரம்! பூமியில் இருந்த அதன் நகலில் அதே வேலைகளைக் கொடுத்து, அதே கோளாறை வரவழைத்தார்கள் எஞ்சினீயர்கள். வானிலைத் தகவல் சேகரிக்கும் சின்ன வேலை பொதுச் சாவியைக் கையில் வைத்திருந்தது. நடுத்தர வேலை ஒன்று குறுக்கே புகுந்து அதை நகரவிடாமல் செய்தது. சாவிக்காகப் பெரிய வேலை வாசலில் நின்றது. 'நேரமாச்சு' என்று காவல்காரன் மொத்தத்தையும் ரீசெட் செய்துவிட்டான். சாவி வைத்திருப்பவருக்குத் தற்காலிகமாகப் பெரிய பதவி கொடுக்கும் ஒரு அமைப்பை இங்கிருந்தே மாற்றி அனுப்பினார்கள். சரியாகிவிட்டது.

விண்டோஸ் 95-ஐ அணைக்காமல் 49.7 நாள் ஓடவிட்டால் உறைந்துவிடும். அதன் மில்லி செகண்ட் மீட்டர் 429 கோடியே சொச்சத்தில் நிரம்பி மறுபடி பூஜ்யமாகிவிடும், அதுதான் வினை.

நம்ம டெட்ரிஸ்? நின்டெண்டோ 1989-ல் வெளியிட்ட அந்த கேமை 2023 டிசம்பரில் அமெரிக்காவின் ஓக்லஹோமாவைச் சேர்ந்த 13 வயதுப் பையன் 157-வது லெவல் வரை ஆடி உறைய வைத்தான். அவ்வளவு உயரத்தில் ஸ்கோர் கணக்குப் போட அதிக நேரம் பிடித்து, முடிவதற்குள் அடுத்த காட்சிக்கான நேரம் வந்துவிட்டதுதான் காரணம். 34 வருஷம் ஒளிந்திருந்த பிழை! அவனுக்கு அது வெற்றி. நமக்கு வந்தால் ஏன் வயிறு எரிய வேண்டும்?

எதுவும் தட்டுப்படவில்லையா? பழைய காப்பிகளை எடுங்கள். தினம் ஒன்றாக 64 காப்பி இருந்தால் நடுவில் உள்ளதை ஓட்டிப் பாருங்கள். அது நின்றால் கோளாறு முன்பாதியில் நுழைந்தது, ஓடினால் பின்பாதியில். இப்படிப் பாதி பாதியாக வெட்டினால் ஆறே சோதனையில் எந்த நாளில் பிழை நுழைந்தது என்று தெரிந்துவிடும்.

அதற்கும் மசியவில்லை என்றால் ஒரு ரப்பர் வாத்து பொம்மை வாங்கி மேஜையில் வைத்து, கோடை வரி வரியாக அதற்கு விளக்குங்கள். 1999-ல் வந்த 'த பிராக்மாட்டிக் புரோகிராமர்' புத்தகத்தில் இருக்கிற யோசனை இது. சொல்லிக்கொண்டே வரும்போது தப்பு தானாக வாயில் இடறும்.

ஒன்றே ஒன்று. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். ரேம், டிரைவர், கோடு மூன்றையும் ஒரே ராத்திரியில் மாற்றி ஹீரோ ஓட ஆரம்பித்தால், எதனால் ஓடினார் என்று கடைசிவரை தெரியாது. காரணம் தெரியாமல் தீர்ந்த கோளாறு தீரவில்லை ஸார், லீவில் போயிருக்கிறது!