உங்களுக்குத் தெரியுமா? திருவருகைக் காலத்தில் தீவகத்துக் கொடை

திருவருகைக் காலக் கொடையை, நத்தார்ச் செலவில் மிஞ்சியதைக் கிள்ளிக் கொடுப்பதாக நினைப்பவர்கள் யாழ்ப்பாணத் தீவகத்தின் மாரியை மறந்துவிடுகிறார்கள். நத்தாருக்கு முந்திய அந்த 4 ஞாயிறுகளும் வடகீழ்ப் பருவமழைக்குள் வருகின்றன. கடல் குழம்பினால் ஊர்காவற்றுறையில் வள்ளங்கள் கரையில் கிடக்கும். குறிகாட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகு ஓடாது. கடலை நம்பிய வீட்டில் அன்று உலைக்கு அரிசி உண்டா என்பதே முதல் கவலை. அப்போது வந்து சேரும் ஒரு சுண்டு அரிசி, நத்தார்ப் புதுச்சட்டையைவிடப் பெறுமதியானது.

தருமம் தபசுகாலத்துக்கு உரியது, திருவருகை செபத்துக்கும் காத்திருப்புக்கும்தானே என்று கேட்பவர்கள் உண்டு. தபசுகாலத்தில் தருமம் கூடுதலாக வலியுறுத்தப்படுவது உண்மை. ஆனால் 3 ஆண்டுக்கு ஒருமுறை திருவருகையின் 3ஆம் ஞாயிறன்று (2024இல் டிசம்பர் 15) வாசிக்கப்படும் லூக்கா நற்செய்தியில், நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்ட மக்களிடம் திருமுழுக்கு யோவான் முதலில் சொல்வதே உடையையும் உணவையும் இல்லாதவரோடு பகிரவேண்டும் என்பதுதான். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் இன்னொன்றையும் நினைத்துக்கொள்ளலாம். ஒல்லாந்தர் கத்தோலிக்க மறையைத் தடைசெய்திருந்த 1687இல், கோவாவைச் சேர்ந்த யோசேவ்வாஸ் அடிகளார் பிச்சைக்காரர் கோலத்தில், கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாகப் போனார். அந்த மாலையை உற்றுப் பார்த்த கண்களை வைத்தே, மறைந்து வாழ்ந்த விசுவாசிகளை அடையாளம் கண்டார். பாப்பரசர் பிரான்சிஸ் 2015 ஜனவரி 14 அன்று கொழும்பில் புனிதராக உயர்த்தியது, வாசலில் பிச்சைக்கு நின்ற அந்தக் குருவானவரைத்தான்.