நிலப்பனை

பனை என்றவுடன் ஏரிக்கரையில் ஓங்கி நிற்கும் நெடுமரமே நம் நினைவிற்கு வரும். ஒரு சாண் உயரமே உள்ள பனையும் நம் நாட்டில் உண்டு. அதுவே நிலப்பனை. அரியலூர் மாவட்டத்து விக்கிரமங்கலத்தைச் சூழ்ந்த நாட்டுப்புறத்திலே, மழை பெய்து நிலம் நனைந்த பின், ஈரம் தங்கிய புல்வெளியையும் புதர்நிழலையும் துருவிப் பார்ப்பவர் இதனைக் காணக்கூடும்.

பெயரிலே பனை இருப்பினும், இஃது அவ்வினத்தைச் சார்ந்ததன்று. இதன் இலை மடிப்பு மடிப்பாக அமைந்து, பனங்கொட்டையிலிருந்து முளைத்த கன்றின் முதல் ஓலையை ஒத்திருத்தலின் இப்பெயர் பெற்றது. பூவில்லாக் காலத்தில் இரண்டையும் பிரித்தறிதல் சற்றே அரிது. அப்பொழுது கண்ணைவிடக் கையே உதவும். பனங்கன்றின் ஓலை தடித்து முரடாக இருக்கும். நிலப்பனையின் இலையோ மென்மையானது.

பூத்துவிட்டால் ஐயத்திற்கு இடமே இல்லை. ஆறு இதழ்கள் கொண்ட மஞ்சள் நிறப் பூ, விண்மீன் ஒன்று தரையில் வீழ்ந்தாற்போல மண்ணை ஒட்டி மலரும். பூ மண்ணுக்கு மேலே இருக்க, அதன் சூலகமோ மண்ணுக்குள்ளே இலைகளின் அடியில் மறைந்திருக்கும்! காம்பு என நாம் கருதுவது சூலகத்தின் நீண்ட கழுத்தேயாகும். காயும் அங்கேயே முதிரும். கரிய விதையில் அலகு போன்ற முனை ஒன்று உண்டு. அதனைக் கண்ட செருமானிய அறிஞர் கார்ட்னர், நீள்மூக்கு வண்டின் இலத்தீன் பெயரைத் தழுவி, 1788-இல் இச்செடியினத்திற்குக் 'குர்குலிகோ' என்று பெயரிட்டார். வட அமெரிக்கப் புல்வெளிகளில் இதன் உறவுச்செடி ஒன்று வளர்கிறது. அதற்கும் ஆறிதழ் மஞ்சட்பூவே. ஆயின் அது காம்பின்மீது உயர்ந்து மலரும்.

நிலப்பனையின் கிழங்கு புறத்தே கருமையும் அகத்தே வெண்மையும் உடையது. சித்த மருத்துவர் அதனைப் போற்றுவர். ஆயினும், கண்ட கிழங்கையெல்லாம் நிலப்பனை எனக் கொள்ளுதல் உயிருக்கே கேடாய் முடியும். இம்மாவட்டத்தில் விதைக்காகப் பயிரிடப்படும் செங்காந்தளின் கிழங்கு கொடிய நஞ்சுடையது. அது கலப்பை போல வளைந்திருப்பதால் கலப்பைக்கிழங்கு எனவும் பெயர் பெறும். அதன் இலைநுனி சுருண்டு, அருகிலுள்ளதைப் பற்றிக்கொள்ளும். நிலப்பனைக்கு அவ்வியல்பு இல்லை.

கிழங்கைத் தோண்டினால் செடியும் அதனோடு போகும். மருந்துக்கென வரம்பின்றித் தோண்டியமையால் இச்செடி பல இடங்களில் அருகிவிட்டது. தோண்டாது விட்ட செடியிலோ, நீண்டு வளைந்த இலையின் நுனி ஈரமண்ணைத் தொட்ட இடத்தில் வேரூன்றும். அங்கே புதியதொரு நிலப்பனை தலைகாட்டும்.