கையை கடிக்காத விலை... ஆவி பறக்கும் இட்லி! மலிவா கொடுக்க ரோட்டோர கடைகளால் முடிவது எப்படி?

மதுரை,

மதுரையில் பசின்னு வந்துட்டா நேரம் காலம் பார்க்க வேண்டியதில்லை. மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் மூட்டை இறக்கும் தொழிலாளி முதல் ராத்திரி சவாரி முடித்து வரும் ஆட்டோ டிரைவர் வரை, கையை கடிக்காமல் வயிறார சாப்பிட ஏதாவது ஒரு இட்லி கடை திறந்தே இருக்கும். துணியில் வெந்த நாலு இட்லி, தேங்காய் சட்னி, தக்காளி சட்னி, மல்லி சட்னி, மேலே ஒரு கரண்டி சாம்பார். ஏ.சி. ஓட்டலில் இதே நாலு இட்லிக்கு வாங்கும் காசில் இங்கே வீட்டுக்கும் பார்சல் கட்டிட்டு போயிடலாம்.

"இவ்வளவு மலிவா கொடுக்கிறாங்களே, பழசா இருக்குமோ?" என்று சந்தேகப்படுபவர்கள் உண்டு. கூட்டம் அலைமோதும் கடைகளில் நிலைமை பெரும்பாலும் நேர்மாறு.

மலிவின் ரகசியம்

சின்ன கடையில் நாலைந்து அயிட்டம்தான். புருஷன் இட்லி ஊற்றினால் பொண்டாட்டி சட்னி அரைப்பார், மகன் இலை போடுவான். தனியா சம்பளம் கிடையாது. இட்லிக்கு பொதுவாக 4 பங்கு இட்லி அரிசிக்கு 1 பங்கு உளுந்து. உளுந்துதான் விலை கூடுதல். ஆனால் நல்ல உளுந்து ஆட்ட ஆட்ட பொங்கி வரும். கொஞ்சம் போட்டாலே மாவு கூடும், இட்லியும் பூ மாதிரி இருக்கும்.

சாயங்காலம் ஆட்டிய மாவு ராத்திரி புளித்து, காலையில் 10, 12 நிமிடத்தில் இட்லி ஆகிறது. சின்ன கடையில் பெரிய பிரிட்ஜ் கிடையாது. அன்றைக்கு மாவு தீரவில்லை என்றால் மறுநாள் புளித்து போகும், நஷ்டம். அதனால் விலையை குறைத்து, எண்ணிக்கையில் லாபம் பார்க்கிறார்கள். சட்டி சீக்கிரம் காலியாவதால் சாப்பிடுபவருக்கும் சூடா கிடைக்கிறது. நூறு அயிட்டம் போட்ட மெனு கார்டு நீட்டும் ஓட்டலில் எல்லாத்தையும் அப்பப்போ சமைக்க முடியுமா?

அவர்களுக்கும் இடி இருக்கிறது. கடைக்கு வீட்டு சிலிண்டர் பயன்படுத்தக்கூடாது. 19 கிலோ வணிக சிலிண்டர்தான் வாங்க வேண்டும். அதன் விலை பெரும்பாலும் மாதத்தின் முதல் தேதியில் மாறும். தக்காளி விலை ஏறினால் முதலில் தக்காளி சட்னிதான் காணாமல் போகும்!

எதை பார்த்து சாப்பிடணும்?

மலிவு என்பதற்காக எல்லா கடையும் நல்ல கடை ஆகிவிடாது. தினக்கூலிக்கு போகிறவருக்கு ஒரு நாள் வயிற்றுப்போக்கு வந்தால் அன்றைய கூலியும் போச்சு, மருந்து செலவும் கூடுதல்.

இட்லியில் பயம் குறைவு. ஆவியில் வெந்து நேரா தட்டுக்கு வருகிறது. ஏமாற்றுவது சட்னிதான். தேங்காய் சட்னி மதுரை வெயிலுக்கு சில மணி நேரத்திலேயே கெட்டுவிடும். நுரை தட்டினாலோ, புளிப்பு வாடை வந்தாலோ தொடவே வேண்டாம். "எப்ப அரைச்சதுண்ணே?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

சாம்பார் அடுப்பில் கொதிநிலையில் இருக்கணும். 5 டிகிரிக்கு மேல் 60 டிகிரிக்குள் வெதுவெதுப்பாக கிடக்கும் சாப்பாட்டில்தான் கிருமிகள் வேகமாக பெருகும்.

முக்கியமாக கவனிக்க வேண்டியது சோறு. காலையில் வடித்து வெளியே வைத்த சோற்றை ராத்திரி பிரைட் ரைஸ் ஆக்கும் கடைகள் உண்டு. அரிசியில் இருக்கும் ஒரு வகை பாக்டீரியாவின் வித்துக்கள் வேகவைத்தாலும் சாவதில்லை. சோறு வெளியே கிடக்கும்போது அவை முளைத்து விஷத்தை உண்டாக்கும். அந்த விஷம் மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. "நல்லா சூடு பண்ணிட்டோம்" என்ற பதில் இங்கே செல்லாது.

வடை, பஜ்ஜி வாங்குமுன் எண்ணெய் சட்டியை ஒரு பார்வை பாருங்க. கருத்து, பிசுபிசுத்து, புகை கிளம்பினால் திரும்ப திரும்ப காய்ச்சிய எண்ணெய். எண்ணெயில் சேரும் 'போலார்' கழிவுப்பொருள் 25 சதவீதத்தை தாண்டினால் அதை பயன்படுத்தக்கூடாது என்ற விதி 2018 ஜூலை 1-ல் அமலுக்கு வந்தது. வடையை நியூஸ் பேப்பரில் மடித்து கொடுப்பதும் தப்பு. மை சாப்பாட்டில் ஏறும். பேப்பர் படிக்கத்தான், எண்ணெய் பிழிய இல்லை! உணவு பொட்டலம் கட்டும் பிளாஸ்டிக் தாளுக்கு தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை. ஆனாலும் சூடான சாம்பாரை பிளாஸ்டிக் பையில் கட்டுவது பல இடங்களில் நிற்கவில்லை. வீட்டிலிருந்து தூக்குவாளி கொண்டு போனால் பிரச்சினையே இல்லை.

பில்லில் உஷார்

சாதாரண ஓட்டல்களில் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். ஆண்டு வியாபாரம் 20 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும், பதிவு செய்யாத கடை வரி வாங்கவே முடியாது. 'காம்போசிஷன்' திட்டத்தில் இருக்கும் கடையும் வரியை நம்மிடம் தனியாக வசூலிக்கக்கூடாது. பில்லில் ஜி.எஸ்.டி. எண் இல்லாமல் வரி மட்டும் போட்டிருந்தால் தயங்காமல் கேளுங்கள்.

கடையில் உணவு பாதுகாப்பு துறையின் 14 இலக்க எண் கொண்ட சான்று மாட்டியிருக்க வேண்டும். கெட்டுப்போன சாப்பாடு கொடுத்தால் பில்லையும், சாப்பாட்டை எடுத்த போட்டோவையும் வைத்து மாவட்ட உணவு பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் செய்யலாம். பில் தராத கடை என்றால் கடை பெயரும், சாப்பிட்ட தேதி, நேரமும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.