வெறுங்குலையில் இருக்கும் சர்க்கரை

நம் ஜொகூர்த் தோட்டங்களில் தினமும் கண்ணில் படும் பொருள் ஒன்றைப் பற்றி இன்று பேசுவோம். செம்பனை ஆலையில் பழம் உதிர்த்தபின் வெளியே வரும் வெறுங்குலைதான் அது. நூறு கிலோ குலை உள்ளே போனால், ஏறக்குறைய 22 கிலோ வெறுங்குலையாகத் திரும்புகிறது. அதில் சர்க்கரை இருக்கிறது என்றால் நம்புவீர்களா?

சோற்றை விழுங்காமல் சற்று நேரம் மென்று பாருங்கள், இனிக்கும். மாவுச்சத்து என்பது சர்க்கரை மணிகள் கோத்த சரம். உமிழ்நீர் அதை அறுக்கிறது. நாரில் உள்ள செல்லுலோசும் அப்படிப்பட்ட சரமே. ஆனால் கோத்த விதம் வேறு. நம் உமிழ்நீரால் அதை அறுக்க முடியாது.

அறுக்க வல்ல பூஞ்சை ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரில், சாலமன் தீவுகளில், அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரத் துணியை அரித்தது அது. டிரைக்கோடெர்மா ரீசி என்று பெயர். அதன் நொதிகளை இன்று ஆலைகளில் பயன்படுத்துகிறார்கள். பருத்தி ஏறக்குறைய முழுதும் செல்லுலோஸ். பூஞ்சைக்கு எளிய இரை. வெறுங்குலையிலோ செல்லுலோசைச் சுற்றி ஹெமிசெல்லுலோசும், அதன்மேல் சுவர்ப்பூச்சுபோல லிக்னினும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நொதி உள்ளே நுழைய வழியில்லை. வழி செய்வதுதான் முன்பதப்படுத்தல்.

"ஆலையிலேயே ஆவியில் வேகவைக்கிறார்களே, சார், அது போதாதா?" என்று என் மாணவன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. ஆலையின் ஆவி 140 டிகிரி அளவில்தான் இருக்கும். அது பழத்தை உதிர்க்கப் போதும். நாரைத் திறக்க 200 டிகிரியை ஒட்டிய ஆவியில் சில நிமிடங்கள் அழுத்தி வைத்து, சட்டென்று திறந்துவிடுகிறார்கள். பொரி பொரிவதுபோல நார் பிளந்துவிடும். காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்தால் லிக்னின் கரையும். நீர்த்த அமிலத்தில் வேகவைத்தால் ஹெமிசெல்லுலோஸ் கரையும். (வீட்டில் யாரும் முயல வேண்டாம், காஸ்டிக் சோடா கண்ணைக் கெடுத்துவிடும்.) சூடு மிஞ்சினால் சர்க்கரையே கெட்டு, பிறகு சேர்க்கும் ஈஸ்டுக்கு நஞ்சாகும்.

கிடைக்கும் குளுகோசை ஈஸ்ட் எரிசாராயமாக்கும். ஹெமிசெல்லுலோசிலிருந்து வரும் சைலோசை, ரொட்டிக்குப் போடும் சாதாரண ஈஸ்ட் தொடாது.

எனக்கு ஒரு தயக்கம் உண்டு. வெறுங்குலையை மரத்தடியில் பரப்பினால் மண்ணுக்கு ஈரமும் பொட்டாசியமும் கிடைக்கின்றன. குவித்துப் போட்டால் காண்டாமிருக வண்டு முட்டையிடும் என்பதால்தான் ஒற்றை அடுக்காகப் பரப்பச் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் சர்க்கரைக்கு அனுப்பிவிட்டால் அந்தப் பொட்டாசியமும் கழிவு நீரோடு போய்விடும். அதற்கு ஈடாகத் தோட்டம் உரத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டிவரும்.