வீட்டில் குஞ்சு பொரிக்கும் பெட்டி

நாட்டுப் பெட்டைக்கோழி பன்னிரண்டு, பதினைந்து முட்டை இட்டதும் அடைக்குப் படுத்துவிடுகிறது. அடை 21 நாள். அதன்பின் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரிவது ஆறு முதல் எட்டு வாரம். பிறகு உடல் தேறி மறுபடி முட்டையிடத் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டும். இவ்வாறு ஒரு சுற்றுக்கு மூன்று மாதத்திற்குமேல் ஆகிறது. அதில் முட்டை கிடைக்கும் காலம் இரண்டு மூன்று வாரமே. முட்டைகளை அவ்வப்போது எடுத்து வேறு வழியில் பொரிக்கவைத்து, கோழியை அடையிலிருந்து தெளிவித்துவிட்டால், அது சில வாரங்களில் மீண்டும் முட்டையிடும். தறியையும் நிலத்தையும் நம்பி வாழும் நம் அங்கத்தினர் வீடுகளில் கோழி வருமானம் பெரும்பாலும் பெண்களின் கைக்காசு. ஆகவே இன்குபேட்டர் என்னும் குஞ்சு பொரிக்கும் பெட்டியின்மேல் பலருக்கும் ஆசை பிறந்திருப்பதில் வியப்பில்லை.

பெட்டி வேண்டும் என்பதே நம் கருத்தும். ஆனால் தாய்க்கோழியின் வேலையில் பாதியைத்தான் அது செய்யும். மறுபாதி குஞ்சு வெளிவந்தபின் தொடங்குகிறது. அதை யார் செய்வது என்பதை முட்டை வைக்கும் முன்பே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். தனி வீட்டிற்கு அது பெருஞ்சுமை. ஐந்தாறு வீட்டார் ஒரே நாளில் முட்டை வைத்தால் சுமை குறையும். இதற்குரிய காரணங்களைப் பின்னே சொல்கிறோம்.

கோழியின்றிக் குஞ்சு பொரிக்கவைப்பது புதிய வித்தை அன்று. எகிப்தியர் முட்டைகளைச் சாணக்குவியலில் புதைத்துப் பொரிக்கவைப்பதைக் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் குறிப்பிட்டிருக்கிறார். அந்நாட்டில் மண்ணால் கட்டிய பெரிய சூளைகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளை ஒருசேர வைத்துப் பொரிக்கச்செய்யும் தொழில் வழிவழியாக நடந்துவந்தது. தெர்மாமீட்டர் இல்லாத காலத்தில் முட்டையைக் கண்ணிமைமேல் வைத்தே சூடு பார்த்தார்கள். பிரான்ஸ் தேசத்து விஞ்ஞானி ரெயமூர் இந்த முறையை ஆராய்ந்து 1749-இல் ஒரு நூலே வெளியிட்டார். நம் மனத்தைக் கவர்வது வேறொரு செய்தி. சூளைக்காரர் ஊராரின் முட்டைகளை வாங்கிக்கொண்டு மூன்று முட்டைக்கு இரண்டு குஞ்சு என்ற கணக்கில் திருப்பிக் கொடுப்பாராம். அதற்குமேல் பொரிப்பவை அவருடைய கூலி. தெர்மாமீட்டரும் மின்சாரமும் உள்ள நம் காலத்தில், முதல் தடவை பெட்டி வைப்போரில் அந்தக் கணக்கை எட்டுவோர் பலர் அல்லர்.

பெட்டியின் அமைப்பு எளியது. மூடியுள்ள தெர்மோகோல் பெட்டி ஒன்று, சூட்டிற்குப் பல்பு, சூடு ஏறினால் பல்பை அணைத்துக் குறைந்தால் ஏற்றும் சிறு கட்டுப்பாட்டுக் கருவி, காற்றைச் சுழற்றச் சிறு விசிறி, தண்ணீர்த் தட்டு, காற்றுப் போக்குவரவிற்கு நாலைந்து துளைகள், உள்ளே பார்க்க ஒரு கண்ணாடி; இவ்வளவே. பல்பு பழைய குண்டு பல்பாக இருக்க வேண்டும். எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தருமேயன்றிப் பெட்டிக்கு வேண்டிய சூட்டைத் தராது. ஒரே பல்பை நம்புவதும் ஆபத்து. நள்ளிரவில் அது போய்விட்டால் விடிந்தபின்தான் தெரியும். 40 வாட் பல்பு இரண்டு போட்டு அவை பாதி நேரம் எரிவதாகக் கொண்டால், நாளுக்கு ஏறக்குறைய ஒரு யூனிட். 21 நாளுக்கு 20 யூனிட்டுக்குச் சற்று மேல்.

விசிறியுள்ள பெட்டியில் உஷ்ணம் 99.5 முதல் 100 டிகிரி பாரன்ஹீட் இருக்க வேண்டும். சென்டிகிரேடில் இது 37.5 முதல் 37.8 வரை. விசிறி இல்லையேல் சூடு மேலே தங்கிவிடும். ஆகவே அத்தகைய பெட்டியில் முட்டையின் மேல்மட்டத்தில் 101 முதல் 102 டிகிரி காட்ட வேண்டும். மலிவான கருவிகள் ஒன்றிரண்டு டிகிரி தவறாகக் காட்டுவது சகஜம். அதைக் காய்ச்சல் பார்க்கும் நல்ல தெர்மாமீட்டரோடு வெதுவெதுப்பான நீரில் ஒப்பிட்டு, வித்தியாசத்தைப் பெட்டிமேல் எழுதிவைக்கலாம். முட்டை வைக்கும் முன் ஒரு பகலும் ஓர் இரவும் வெறும் பெட்டியை ஓட்டிப் பார்ப்பது அவசியம்.

நம் நாட்டில் குளிரைவிட வெயிலே பெட்டிக்குப் பகை. கட்டுப்பாட்டுக் கருவி பல்பை அணைக்க வல்லது. அறையைக் குளிர்விக்க வல்லதன்று. சித்திரை, வைகாசியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின்கீழ் அறைச்சூடே 100 டிகிரியைத் தாண்டும்போது, பல்பு அணைந்திருந்தும் முட்டை வெந்துகொண்டிருக்கும். சூடு குறைந்தால் கரு மெதுவாக வளர்ந்து ஒரு நாள் பிந்தியேனும் பொரிக்கக்கூடும். 104, 105 டிகிரியில் சில மணி நேரம் இருந்தால் பிழைப்பது அரிது. குழித்தறி உள்ள மண்தரை அறையே வீட்டில் குளிர்ந்த இடமாதலால் பெட்டிக்கு ஏற்றது அதுவே. கோடையில் பெட்டியை ஓய்வாக வைத்திருப்பது இன்னும் நல்லது.

மின்சாரம் நின்றால் பதற்றம் வேண்டாம். தாய்க்கோழியும் நாள்தோறும் இரை தேடக் கால்மணி, இருபது நிமிஷம் எழுந்து போகிறது. பெட்டியைத் திறவாமல், துளைகளை விட்டுப் போர்வையால் போர்த்திவைத்தால் சில மணி நேரம் தாங்கும். அதற்குமேல் நீடித்தால் வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி உள்ளே வைக்கலாம். நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு உள்ள ஊரில் இன்வர்ட்டர் இல்லாதவர் பெட்டி வாங்காதிருப்பதே புத்திசாலித்தனம்.

இனி முட்டை. கடையில் வாங்கும் பண்ணை முட்டை பொரிக்காது. நாமக்கல் பண்ணைகளில் முட்டைக்கோழிகளோடு சேவல் விடுவதில்லை. பத்துப் பெட்டைக்கு ஒரு சேவலேனும் உள்ள இடத்து முட்டையே வேண்டும். கூர்முனை கீழிருக்க அடுக்கி, ஏழு நாளுக்குள் வைத்துவிட வேண்டும். வெப்பமான அறையில் கிடக்கும் முட்டையில் கரு தானே வளரத் தொடங்கி, பாதியில் நின்று சாகும். ஆதலால் ஈரமணலில் பாதி புதைத்த மண்பானைக்குள் முட்டையைச் சேர்த்துவைக்கும் பழைய முறை இன்றும் மேலானது. முட்டையைக் கழுவலாகாது. ஓட்டின்மேல் இயற்கையாக உள்ள காப்புப் பூச்சு போய்விட்டால் கிருமி உள்ளே புகும். அடைக்கூடையில் இரும்புத் துண்டும் கரியும் வற்றல் மிளகாயும் வைக்கும் வழக்கமுள்ள நம் பாட்டிமார், முட்டையைக் கழுவாமல் வைப்பதிலும் கண்டிப்பாகவே இருந்தார்கள்.

அடைக்கோழி முட்டைகளை அலகால் புரட்டிக்கொண்டே இருக்கும். புரட்டாவிட்டால் கரு சவ்வில் ஒட்டிக்கொண்டு சாகும். புரட்டும் இயந்திரம் இல்லாத பெட்டியில் நாளுக்கு மூன்று அல்லது ஐந்து முறை கையால் புரட்ட வேண்டும். ஒற்றைப்படை எண் எதற்கென்றால், இரவின் நீண்ட பொழுதில் ஒரே பக்கம் தினமும் மேலே இராமல் மாறிமாறி வரும். ஒருபக்கம் பெருக்கற்குறியும் மறுபக்கம் வட்டமும் பென்சிலால் போட்டுக்கொண்டால் தவறு நேராது. 18-ஆம் நாளோடு புரட்டுவதை நிறுத்திவிட வேண்டும்.

ஈரத்தைப் பற்றி நெசவாளருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. காற்று வறண்ட நாளில் பாவு இழை எப்படி அறும் என்பதும், குழித்தறியின் ஈரம் அதை எப்படிக் காக்கும் என்பதும் அவர்கள் கை அறிந்தது. முட்டைக்கும் காற்றின் ஈரமே அளவுகோல். முட்டை ஓட்டின் நுண்துளைகள் வழியே நீர் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. காற்று மிக வறண்டால் குஞ்சு சவ்வில் ஒட்டிக்கொள்ளும். ஈரம் மிகுந்தால் முட்டையினுள் காற்றறை சிறுத்து, குஞ்சு மூக்கை நீட்ட இடமின்றி உள்ளேயே மூச்சடைக்கும். முதல் 18 நாள் காற்றின் ஈரம் நூற்றுக்கு 50 முதல் 55 வரையும், கடைசி மூன்று நாள் 65 முதல் 70 வரையும் இருக்கலாம். ஈரம் கூட்ட வேண்டுமானால் அகலமான தட்டு வைக்க வேண்டும். ஆழமான பாத்திரம் பயன்படாது. ஆவியாவது நீரின் மேற்பரப்பைப் பொறுத்ததே.

ஈரமானி பொய் சொன்னாலும் தராசு சொல்லாது. வைத்த நாள் முதல் 18-ஆம் நாள்வரை முட்டையின் எடை நூற்றுக்கு ஏறக்குறைய 12 குறைய வேண்டும். ஒரு டஜன் முட்டை 500 கிராம் இருந்தால் 18-ஆம் நாள் 440 கிராம் அளவில் நிற்கும். ஏழாம் நாளே நிறுத்துப் பார்த்து, மிகக் குறைந்திருந்தால் தண்ணீர்ப் பரப்பைக் கூட்டலாம். குறையவே இல்லையென்றால் தட்டைச் சிறிதாக்கலாம்.

அதே ஏழாம் நாள் இருட்டறையில் கைவிளக்கின்மேல் முட்டையை வைத்துப் பார்த்தால், உயிருள்ளதில் சிலந்தி வலைபோல் இரத்தக் குழாய்கள் ஓடுவது தெரியும். வெறுமையாகத் தெரிவது கூமுட்டை. வட்டமாகச் செங்கோடு மட்டும் தெரிந்தால் கரு தோன்றிச் செத்துவிட்டது என்று அறியலாம். இவை இரண்டையும் எடுத்துவிட வேண்டும். உள்ளேயே அழுகி வெடித்தால் மற்றவற்றையும் கெடுக்கும்.

கடைசி மூன்று நாள்தான் மனிதருக்குச் சோதனை. ஓட்டில் முதல் கீறல் விழுந்ததும் வீட்டுப் பிள்ளைகள் பெட்டியைச் சுற்றிக் குழுமிவிடுவார்கள். கீறல் விழுந்தபின் குஞ்சு 12 முதல் 24 மணி நேரம் அப்படியே கிடக்கும். அது களைப்பன்று, அந்நேரத்தில்தான் அது நுரையீரலால் மூச்சு விடப் பழகி, சவ்விலுள்ள இரத்தத்தையும் எஞ்சிய மஞ்சட்கருவையும் உடலுக்குள் இழுத்துக்கொள்கிறது. இரக்கப்பட்டு ஓட்டை உரித்தால் இரத்தம் கசிந்து சாகும். மூடியைத் திறந்தாலோ ஈரம் வெளியேறி, பாதி வந்த குஞ்சின்மேல் சவ்வு காய்ந்து இறுகிவிடும். வெளிவந்த குஞ்சுக்குப் பசிக்குமே என்று அஞ்ச வேண்டியதில்லை. உள்ளிழுத்த மஞ்சட்கரு இரண்டு நாளுக்குத் தாங்கும்.

இனித்தான் நாம் முதலில் குறித்த மறுபாதி வேலை. தாயின் சிறகுச்சூடு இல்லாத குஞ்சுக்கு முதல் வாரம் 95 டிகிரி வேண்டும். பிறகு வாரத்திற்கு ஐந்து டிகிரி குறைத்து வரலாம். அட்டையால் வட்டமாகத் தடுப்புக் கட்டி, உமி பரப்பி, மேலே பல்பு தொங்கவிட்டால் போதும். குஞ்சுகள் பல்பின்கீழ் நெருக்கியடித்தால் குளிர் என்றும், ஓரத்திற்கு ஓடினால் வெப்பம் என்றும் அவையே சொல்லிவிடும். ஆயினும் நாளுக்கு நாலைந்து தடவை தீனியும் தண்ணீரும் மாற்றி, பூனையும் கீரியும் அண்டாமல் காக்க ஓர் ஆள் வேண்டும். தார் சுற்றவும் சமைக்கவும் களை பறிக்கவும் இருக்கும் அதே பெண்மணியின் தலையில் இதையும் ஏற்றிவிட்டு, பெட்டியால் இலாபம் என்று கணக்கெழுதுவது நியாயமாகாது.

இதைவிடப் பெரிய விஷயம் ராணிக்கேட் நோய், அதாவது நம்மூர் வெள்ளைக்கழிச்சல். 1927-இல் இமயமலைப் பகுதியிலுள்ள ராணிக்கேட்டில் கண்டறியப்பட்டதால் இப்பெயர் பெற்றது. வந்தபின் மருந்தில்லை, முன்பே தடுப்பு மருந்து கொடுப்பதுதான் வழி. ஐந்து முதல் ஏழு நாள் வயதில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டும், எட்டாம் வாரம் ஊசியும் போட வேண்டும். ஆனால் சொட்டு மருந்துப் புட்டி நூறு குஞ்சு அளவிற்கோ அதற்கு மேலோதான் வருகிறது. கலக்கியபின் இரண்டு மணி நேரத்திற்குள் தீர்த்துவிட வேண்டும். அதுவரை பனிக்கட்டியில் இருக்க வேண்டும். இருபது குஞ்சு வைத்திருப்பவர் ஒரு புட்டியை உடைத்து, எண்பது பங்கைக் கொட்டுவதா என்று யோசித்து விட்டுவிடுகிறார். பின்னர் ஒரு வாரத்தில் கூடு காலியாகிறது. ஐந்தாறு வீட்டார் ஒரே நாளில் முட்டை வைத்தால் ஒரே புட்டி எல்லோருக்கும் போதும். கலக்கிய மருந்தை ஒருவர் பனிக்கட்டிப் பாத்திரத்தில் ஏந்திக்கொண்டு வீடு வீடாகப் போய்வர ஒரு மணி நேரம் பிடிக்கும்.

ஒரே நாளில் வைப்பதில் இன்னொரு சகாயமும் உண்டு. அந்த வீடுகளுள் ஒன்றிலாவது அடைக்கோழி கட்டாயம் இருக்கும். அதே நாளில் அதன்கீழும் சில முட்டை வைத்துவிட்டால், பொரிக்கும் அன்று இருட்டியபின் பெட்டிக் குஞ்சுகளை அதன் சிறகுக்குள் மெல்ல நுழைத்துவிடலாம். விடிந்ததும் அது பெரும்பாலும் தன் குஞ்சென்றே ஏற்றுக்கொள்ளும். பத்துப் பன்னிரண்டு முட்டைமேல் படுக்கக்கூடிய கோழி, வெப்பமான பருவத்தில் பதினைந்து இருபது குஞ்சுகளைக் காக்கும். பருந்தின் நிழல் கண்டதும் குரல் கொடுத்து ஒளிக்கக் கற்பிக்கும். இது எந்தப் பெட்டியாலும் ஆகாத காரியம். ஆகவே அடைக்குணமுள்ள சிறுவிடைப் பெட்டை ஒன்றிரண்டை, பெட்டி வந்துவிட்டது என்பதற்காக விற்றுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

நாள் குறிப்பது எளிது. 21 நாள் என்பது மூன்று வாரம். எனவே வைத்த கிழமையிலேயே குஞ்சு வரும். செவ்வாய் மாலை வைத்தால் மூன்றாம் செவ்வாயில் பொரித்து, அதற்கடுத்த திங்கட்கிழமைக்குள் தடுப்பு மருந்து போட்டாக வேண்டும். கால்நடை மருந்தகத்திற்கு விடுமுறையான ஞாயிறு குறுக்கே வருவதால் சனிக்கிழமையே மருந்து வாங்கிக் குளிரில் வைப்பதா, திங்கள் காலை போய் வாங்குவதா என்பதைச் சேர்ந்து வைக்கும் வீட்டார் முன்கூட்டியே பேசிக்கொள்ளட்டும். அந்தத் திங்கட்கிழமை பாவு போடும் நாளாகவோ நடவு நாளாகவோ அமையாதிருக்க வேண்டும்.