வழுவறி கருவியும் செயற்கை முகவரும்

வழாநிலை, வழு, வழுவமைதி என்னும் மூன்றும் தமிழிலக்கண மாணவர் நன்கறிந்தவை. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்னும் ஏழும் மயங்குமிடத்து வழுத் தோன்றும் என்பது நன்னூலார் கொள்கை. அவ்வாறு மயங்கியவற்றுள்ளும் தக்க காரணம் பற்றி ஏற்கத்தக்கன வழுவமைதி எனப்படும். கணினிக்கு எழுதப்படும் செய்நிரல்களிலும் வழுக்கள் உள. ஆங்கிலத்தில் அவற்றைப் பூச்சி என்னும் பொருள்படும் சொல்லாற் குறிப்பர். எடிசன் 1878ஆம் ஆண்டிலேயே தம் கருவிகளின் குறைகளை அப்பெயராற் சுட்டினார். 1947ஆம் ஆண்டு செப்டெம்பர் 9ஆம் நாள் ஹாவார்ட் பல்கலைக்கழகத்து மார்க் 2 என்னும் கணினியினுள் மெய்யாகவே ஒரு விட்டிற்பூச்சி அகப்பட்டது. அஃது அந்நாட் குறிப்பேட்டில் ஒட்டியும் வைக்கப்பட்டது.

இத்தகைய வழுக்களைத் தேடுதற்கு உதவும் மென்பொருளே வழுவறி கருவியாகும். இது தானாக எவ்வழுவையும் நீக்குவதில்லை. ஓடும் செய்நிரலைக் குறித்த ஓரடியில் நிறுத்தும். அவ்வேளை ஒவ்வொரு மாறியும் கொண்டுள்ள பெறுமானத்தைக் காட்டும். பின்னர் ஒவ்வோர் அடியாக நடத்திச் செல்லும். எவ்விடத்து நிறுத்துவது, எதனைக் காட்டுவது என்பன அதன் அமைப்புகளைப் பொறுத்தன. ஆகவே, அமைப்புப் பிழைப்பின் கருவி இருந்தும் வழுக் கண்ணிற்படாது.

இன்று பெருவழக்கிலுள்ள விஷுவல் ஸ்டூடியோ கோட் என்னும் மென்பொருளில் இவ்வமைப்புகளுட் பல லோஞ்ச் ஜேசன் என்னும் சிறு கோப்பில் எழுதப்படும். செய்நிரலின் மொழி யாது, கருவி அதனைப் புதிதாகத் தொடக்குவதா அன்றி ஏற்கெனவே ஓடுவதனோடு இணைவதா, எக்கோப்பை எந்த உள்ளீடுகளுடன் எவ்வுறையிலிருந்து இயக்குவது என்பன அதில் இடம்பெறும். கோப்பின் பாதை பிழைப்பின் செய்நிரல் ஓடாது. புதிதாகப் பயில்வோர் பலர் இவ்விடத்திலேயே சோர்வடைவர்.

இத்தொல்லையைக் குறைக்கவே செயற்கை நுண்ணறிவு முகவர் பயன்படுகின்றது. வினாவிற்கு விடையளித்தலோடு அமையாது, உறையிலுள்ள கோப்புகளைப் படித்தும் புதியன எழுதியும் கட்டளைகளை இயக்கியும் கருமமாற்றுவதே முகவர் எனப்படும். வேண்டுவதைத் தமிழிற் சொன்னாலும் அமைப்புக் கோப்பை அது சில நொடிகளில் எழுதித் தரும். எழுதிய மாற்றத்தை ஏற்கவும் மறுக்கவும் பயனாளருக்கு வாய்ப்புண்டு.

இதன் பயனையும் எல்லையையும் ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். யாழ்ப்பாணம், கண்டி, திருகோணமலை, குருநாகல் ஆகிய இடங்களுக்குச் செல்லும் வழிகள் கூடும் தம்புள்ளையில் 1999ஆம் ஆண்டில் விசேட பொருளாதார மத்திய நிலையம் நிறுவப்பட்டது. பல மாவட்டங்களின் மரக்கறிகள் அங்கு மொத்தமாக விற்பனையாகின்றன. அத்தகைய சந்தையில் ஒரு விவசாயி கொணர்ந்த போஞ்சியின் நிறையைக் கூட்டுதற்கு மாணவன் ஒருவன் பைதன் மொழியிற் செய்நிரல் எழுதினான் எனக் கொள்வோம். பதிவுகள் மூன்று: 120, ‘45 கி’, 80. கூட்டுத்தொகை 245 ஆதல் வேண்டும். செய்நிரலோ 200 எனக் காட்டுகின்றது. இரண்டாம் பதிவில் எண்ணோடு எழுத்துஞ் சேர்ந்தமையின் அதனை எண்ணாக மாற்றுகையில் வழு எழுந்தது. வழு எழுந்தால் அப்பதிவை விட்டு மேற்செல்க என மாணவனே முன்னர் எழுதியிருந்தமையின், செய்நிரல் ஓசையின்றி அதனைக் கடந்து சென்றது.

மாணவன் முகவரை ஏவ, அது லோஞ்ச் ஜேசன் கோப்பைச் செவ்வனே எழுதுகின்றது. ஆயினும் கருவி எவ்விடத்தும் நிற்கவில்லை. காரணம் யாதெனில், எவராலும் ஏற்கப்படாத வழுக்களிடத்து மட்டுமே நிற்பது அக்கருவியின் இயல்பான நிலை. செய்நிரலே ஏற்று அமைதி கூறிய வழுவை, வழுவமைதி போலக் கருதி, அது விட்டுவிடும். எழும் வழு ஒவ்வொன்றிடத்தும் நிற்க என்னும் தெரிவோ அக்கோப்பில் அடங்குவதன்று. நிறுத்தப்புள்ளிகளின் பட்டியலிலே தனியே குறிக்கப்படுவது. அதனைக் குறித்தவுடன் செய்நிரல் இரண்டாம் பதிவில் நிற்கும். ‘45 கி’ என்னும் பெறுமானமும் வெளிப்படும். கோப்பு எழுதி முடிந்தது என்று முகவர் கூறுவதும், வேண்டியது கண்ணுக்குத் தெரிவதும் வெவ்வேறென்பது இதனாற் போதரும்.

இதனினும் கவனிக்கத்தக்கது ஏவும் முறையாகும். வழு யாண்டுளது எனக் காட்டுமாறு ஏவுதல் வேறு. செய்நிரல் தடையின்றி ஓடச் செய்க என ஏவுதல் வேறு. பின்னையதை நிறைவேற்றும் முகவர் நிறுத்தப்புள்ளிகளை நீக்கவுங்கூடும். எவ்வழுவையும் விழுங்குமாறு செய்நிரலையே மாற்றவுங்கூடும். திரையில் அமைதி நிலவும். விவசாயியின் கணக்கில் 45 கிலோவுக்குரிய பணம் குறையும்.

ஆதலின் முகவர் அமைத்ததை ஏற்குமுன் மூன்று வினாக்களை எழுப்புதல் தகும். முதலாவது, இயக்கப்படுவது உரிய கோப்புத்தானா, உள்ளீடும் உரியதுதானா என்பது. இரண்டாவது, கருவி எவ்வெவ் வழுக்களிடத்து நிற்கும், எவற்றை மறைக்கும் என்பது. பிறர் எழுதிய நூலகப் பகுதிகளுட் புகாது தன் செய்நிரலை மட்டும் நோக்குமாறு பைதன் கருவி இயல்பாகவே அமைந்திருத்தல் ஈண்டு நினைக்கத்தக்கது. மூன்றாவது, வெளியாருக்கு வழி திறந்துள்ளதா என்பது. ஓடும் செய்நிரலோடு இணையும் முறையில் 127.0.0.1 என்னும் முகவரி தன் கணினியோடு அமைவது, 0.0.0.0 என எழுதினால் வலையமைப்பிலுள்ள பிறரும் அச்செய்நிரலை ஆட்டிப்படைக்க இடமுண்டாகும். கடவுச்சொற்களை அமைப்புக் கோப்பில் எழுதி அதனைப் பிறரோடு பகிர்தலும் தீங்கு பயப்பதே.

இவ்வினாக்களுக்கு விடை காண அமைப்புக் கோப்பை முழுவதும் மனனஞ் செய்ய வேண்டுவதில்லை. பத்துப் பன்னிரண்டு அடிகளே கொண்ட அதனை ஒருமுறை நிறுத்திப் படித்தல் போதும். விளங்காத அடியை இஃது எதற்கென முகவரிடமே வினவலாம்; அது கூறும் விடையைக் கருவியை ஓட்டிப் பார்த்துச் சரிபார்க்கலாம். எழுதும் உழைப்பை முகவரிடம் விடுதலால் இழப்பில்லை. எதனை வழுவெனக் கொள்வது, எதற்கு அமைதி கூறுவது என்னும் தீர்ப்போ, அக்கணக்கிற்குப் பொறுப்பேற்பவனிடமே இருத்தல் வேண்டும்.