மென்படலங்களின் அமுக்க மின் பண்பை எக்ஸ்-கதிரால் அளத்தல்

குவார்ட்ஸ் போன்ற சில படிகங்களைத் தக்க திசையில் அமுக்கினால் அவற்றின் எதிரெதிர் முகங்களில் நேர், எதிர் மின்னூட்டங்கள் தோன்றுகின்றன. இதனை 1880-ஆம் ஆண்டில் ஜாக் கியூரி, பியர் கியூரி என்னும் பிரெஞ்சுச் சகோதரர்கள் கண்டறிந்தனர். இது அமுக்க மின் விளைவு எனப்படும். மறுதலையாக, இத்தகைய படிகத்திற்கு மின்னழுத்தம் கொடுத்தால் அதன் நீளம் மாறவேண்டும் என்று 1881-இல் லிப்மன் கணக்கிட்டுக் கூறினார். கியூரி சகோதரர்கள் அதனைச் சோதனையால் மெய்ப்பித்தனர். மின்னழுத்தம் கொடுக்கும் திசையில், ஒரு வோல்ட்டுக்குப் படிகம் எவ்வளவு நீள்கிறது என்பதே அதன் அமுக்க மின் கெழுவாகும்.

இன்று இவ்விளைவு பெரும்பாலும் மென்படலங்களில் பயன்படுகிறது. கைபேசியில் வேண்டிய அலைவெண்ணை மட்டும் பிரித்தெடுக்கும் வடிகட்டிகளில் அலுமினியம் நைட்ரைடு படலம் இடம்பெறுகிறது. படலத்தின் கெழு பிழையாக அளக்கப்படின், அதனை நம்பி அமைக்கும் கருவியும் பிழைபடும்.

அளப்பதில் உள்ள இடர்ப்பாடு

ஒரு மைக்ரான் தடிப்புள்ள அலுமினியம் நைட்ரைடு படலம் ஒன்று சிலிக்கன் அடித்தகட்டின்மேல் படிந்திருப்பதாகக் கொள்வோம். நல்ல படலத்தின் கெழு வோல்ட்டுக்கு ஏறத்தாழ 5 பிக்கோமீட்டர். ஒரு மீட்டரை லட்சம் கோடிப் பங்காகப் பகுத்தால் ஒரு பங்கே பிக்கோமீட்டர். 10 வோல்ட் கொடுத்தால் படலம் 50 பிக்கோமீட்டரே தடிக்கும். இஃது ஓர் அணுவின் குறுக்களவினும் சிறியது. மேற்பரப்பின் அசைவை ஒளியாலோ நுண் ஊசியாலோ அளக்கலாம். ஆனால் படலம் பக்கவாட்டில் இழுக்கும்போது அடித்தகடும் வில்போல் வளையும். கருவி காட்டும் அசைவில் படலத்தின் பங்கு எது, தகட்டின் பங்கு எது என்று பிரித்தறிதல் அரிது.

எக்ஸ்-கதிரின் துணை

எக்ஸ்-கதிர் மேற்பரப்பின் அசைவை அளப்பதில்லை. படிகத்தினுள் அணுத்தளங்களுக்கு இடையேயுள்ள தொலைவையே அளக்கிறது. தள இடைவெளியின் இருமடங்கைக் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கினால், அலைநீளத்தின் முழுஎண் மடங்கு கிடைக்கும் கோணங்களில் மட்டுமே செறிவான கதிர் திரும்பும். இதுவே பிராக் விதி. இடைவெளி மிகுந்தால் கோணம் குறையும். கோணமாற்றம், இடைவெளியின் விகித மாற்றத்தைக் கோணத்தின் டான்ஜென்ட் மதிப்பால் பெருக்கியதற்குச் சமம்.

மேற்கூறிய படலத்தில் விகித மாற்றம் இருபதாயிரத்தில் ஒரு பங்கு. செம்பின் எக்ஸ்-கதிரைக் கொண்டு (அலைநீளம் 1.5406 ஆங்ஸ்ட்ராம்) முதற்படியில் அளந்தால், கதிர் திரும்பும் மொத்தக் கோணம் 36 பாகையளவில் இருக்கும், அதன் மாற்றம் 0.002 பாகைக்கும் குறைவு. மூன்றாம் படியில் அக்கோணம் 136 பாகை. மாற்றமோ ஏறத்தாழ 0.014 பாகை. படலம் ஒன்றே, மின்னழுத்தமும் ஒன்றே. எனினும் மாற்றம் ஏழு மடங்குக்கும் மேலாகிறது. இயன்றவரை உயர்ந்த கோணத்தில் அளக்கவேண்டும் என்பதன் காரணம் இதுவே. ஆனால் உயர்ந்த படிகளில் கதிரின் செறிவு குன்றும். ஆதலால் இத்தகைய அளவைகளுக்குச் சிங்க்ரோட்ரான் ஒளி பெரிதும் உதவுகிறது. நம் நாட்டில் இந்தூரிலுள்ள இண்டஸ்-2 அத்தகைய ஒளிமூலம் ஆகும்.

கவனிக்க வேண்டியவை

முதலாவதாக, மேல் மின்வாய் எக்ஸ்-கதிர் ஊடுருவத்தக்க மெல்லிய உலோகப்படலமாக இருத்தல் வேண்டும். கதிர்க்கற்றை மின்வாயின் எல்லைக்குள்ளேயே விழவேண்டும். வெளியே விழுந்தால் மின்புலம் படாத பகுதியும் கலந்து, கெழுவைக் குறைத்துக் காட்டும்.

இரண்டாவதாக, தகடு சாய்ந்தாலோ உயர்ந்தாலோ கோணம் மாறியதுபோல் தோன்றும். சிலிக்கனின் உச்சியையும் உடன் அளந்து ஒப்பிட்டால் இப்பிழை வெளிப்படும்.

மூன்றாவதாக, மின்கசிவால் படலம் சூடேறும். வெப்பநிலை சுமார் 10 பாகை செல்சியஸ் உயர்ந்தாலே, 10 வோல்ட் விளைவிக்கும் நீட்சியை ஒத்த நீட்சி ஏற்படக்கூடும். இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. மின்னழுத்தத்தின் திசையை மாற்றினால் அமுக்க மின் நீட்சி சுருக்கமாக மாறும். வெப்ப நீட்சியோ மாறாது. இரு திசைகளிலும் பல மின்னழுத்தங்களில் அளந்து வரைபடம் வரைந்தால், நேர்கோட்டின் சாய்விலிருந்து கெழுவைக் கணிக்கலாம்.

லெட் ஜிர்கோனேட் டைட்டனேட் போன்ற படலங்களில் மற்றொரு நுட்பமும் உண்டு. அங்கே மின்புலம் அணுத்தளங்களை விலக்குவதோடு, படிகத்தின் சிறு பகுதிகளின் முனைவுத் திசையையும் திருப்பிவிடுகிறது. முன்னது உச்சியை இடம் பெயர்க்கும். பின்னது உச்சிகளின் செறிவு விகிதத்தை மாற்றும். மேற்பரப்பை அளக்கும் முறைகள் இரண்டையும் சேர்த்தே காட்ட, எக்ஸ்-கதிர் அவற்றைத் தனித்தனியே காட்டுகிறது.

இறுதியாக ஒன்று. படலம் அடித்தகட்டோடு ஒட்டியிருப்பதால் பக்கவாட்டில் தாராளமாக விரியவோ சுருங்கவோ இயலாது. ஆகவே அலுமினியம் நைட்ரைடு போன்ற படலங்களில் இம்முறையால் கிடைக்கும் கெழு, தளையற்ற படிகத்தின் கெழுவினும் குறைவாகவே இருக்கும். இதனை அளவையின் குறையாகக் கருதலாகாது. கருவியில் படலம் தகட்டோடு ஒட்டியே இயங்குகிறது. ஆதலின் கருவி அமைப்போருக்கு வேண்டியதும் இவ்வெண்ணே. மாணவர்க்கு இப்பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், கெழுவைக் கூறும்போது அது எந்நிலையில் அளக்கப்பட்டது என்பதையும் சேர்த்துக் கூறுதல் நலம்.